கூலியில்லா உழைப்பின் ஊதியம்

கூலிக்கு உழைப்பது உலக வழக்கு. கூலியின்றிப் பிறர்க்காக உழைப்பவனை உலகம் இருவகையாக நோக்குகிறது. ஒரு சாரார் அவனைத் தியாகி என்று போற்றுவர். மற்றொரு சாரார் பிழைக்கத் தெரியாதவன் என்று நகைப்பர். இவ்விரு சாராரும் ஓர் உண்மையைக் காணத் தவறிவிடுகின்றனர். தன்னோடு ஒத்த தொழில் செய்வோரின் சங்கத்திற்கு ஓய்வு நேரத்தை ஈந்தவன், ஈந்ததைக் காட்டிலும் பெற்றதே பெரிது என்று கணக்குக் காட்டக்கூடும். அந்தக் கணக்கை ஆராய்வதற்கு இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளில் எந்தத் தோட்டத்திற்குச் சென்று, "தலைவர் வீடு எது?" என்று வினவினாலும், சிறுபிள்ளையும் லயத்துக் காம்பரா ஒன்றைச் சுட்டிக் காட்டும். தலைவர் என்பவர் அத்தோட்டத்துத் தொழிற்சங்கக் கமிட்டியின் தலைவர். அவரும் மற்றவரைப் போலவே விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நிற்பவர். கவ்வாத்து வெட்டுபவர், கான் வெட்டுபவர், முள்ளுக் குத்துபவர். மாலையில் வேலை முடிந்து மற்றவர்கள் அடுப்பருகே குளிர்காயும் நேரத்தில் அவர் வாசலில் ஆட்கள் வந்து கூடுவர். ஒருத்திக்குக் கொழுந்து குறைந்ததென்று அரைப் பேர் போட்டிருப்பார்கள். மற்றொருவனுக்குச் சம்பளத்தில் இரண்டு நாட் பேர் விடுபட்டிருக்கும். வேறொருவனது காம்பராக் கூரை ஒழுகும். இவற்றையெல்லாம் கேட்டு, குறித்து, மறுநாள் துரையிடமோ கணக்கப்பிள்ளையிடமோ பேசுவது தலைவரின் கடமை. இதற்கு அவருக்கு ஒரு சதமும் சம்பளம் இல்லை. மற்றவரைப் போல அவரும் சங்கத்திற்குச் சந்தா செலுத்தியே தீரவேண்டும்.

இந்தச் சம்பளமில்லாத் தலைமையின் மதிப்பை அறிய, அதற்கு முன்னிருந்த தலைமையை நினைவு கூர்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவன் கங்காணி. அவனே கடன் கொடுத்தவன். அவனே வேலை வாங்கியவன். அவனே துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே வாயாகவும் செவியாகவும் இருந்தவன். தன் ஆட்கள் வேலைக்கு வரும் நாளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் காசு கிடைத்தது. ஆகவே, எத்தனை தலைகள் தனக்குக் கீழ் இருந்தனவோ அத்தனைக்கு அவன் செல்வம் வளர்ந்தது. தொழிலாளியின் கடனைக் காட்டும் துண்டுச் சீட்டு இன்றி அவன் வேறொரு தோட்டத்தில் வேலை பெறல் அரிதாயிற்று. அந்தத் துண்டு முறை 1921 ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரையில், கடனோடு பிறந்து கடனோடு மடிவதே பலரின் விதியாக இருந்தது.

கங்காணியின் தலைமை தலைக்குக் காசு பெற்ற தலைமை. அதன் இடத்தில், காசு பெறாத ஒரு தலைமையை மலைநாட்டில் முதன்முதல் விதைத்தவருள் முன்னிற்பவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரைச் சேர்ந்த அவரை இலங்கைக்கு அழைத்து வந்ததும் ஒரு சங்கப் பணியே என்பது கருதத் தக்கது. தஞ்சையில் வியாபாரிகள் சங்கத்திற்கு உழைத்து வந்த அவர், அதன் தொடர்பிலேயே 1915 ஆம் ஆண்டிற் கொழும்புக்கு வந்தார். மலைநாட்டுத் தோட்டங்களில் நடப்பவற்றை நேரிற் காண விழைந்தார். தோட்டங்களோ தனியார் நிலம். அந்நியர் நுழைந்தால் அத்துமீறல் என்று சட்டம் தடுத்தது. ஆதலின் அவர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு, துணி மூட்டையைச் சுமந்து லயங்களுக்குட் சென்றார் என்பது மலைநாட்டு வரலாறு எழுதியோர் கூறும் செய்தி. துணியை விரித்து வைத்துக்கொண்டு மக்களின் துயரைக் கேட்டறிந்தார்.

பின்னர் இலங்கையிலேயே தங்கி, 'தேசநேசன்', 'தேசபக்தன்' முதலிய பத்திரிகைகளை நடத்தினார். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் அவரோடு சேர்ந்து உழைத்தார். கருத்து வேற்றுமை நேர்ந்து பிரிந்ததும் மலைநாட்டையே தம் களமாகக் கொண்டு, 1931 ஆம் ஆண்டில் ஹட்டனைத் தலைமையிடமாக வைத்து அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சியம்மையார் கூட்டந்தோறும் பாட்டுப் பாடி மக்களைத் திரட்டினார். சட்ட நுணுக்கம் விளங்காத செவிக்கும் பாட்டு விளங்கிற்று. பொருளாதார மந்தத்தாற் தேயிலை விலை வீழ்ந்து கூலி குறைக்கப்பட்ட அந்த ஆண்டுகளில் சம்மேளனம் பெருவெற்றி ஈட்டவில்லை. ஆயினும், தோட்டத்துத் தொழிலாளனும் ஒரு சங்கத்தின் அங்கத்தவன் ஆகலாம் என்ற எண்ணம் லயங்களில் வேரூன்றிவிட்டது. 1936 ஆம் ஆண்டில் ஹட்டன் தொகுதி நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பிற்று. 1947 இல் அவர் மறையும் வரையில் அந்தத் தொண்டு தொடர்ந்தது.

1935 ஆம் ஆண்டிற் தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. 1939 இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. மறு ஆண்டில் அதன் தொழிற்சங்கம் தோட்டங்களிற் பரவலாயிற்று. சமசமாஜக் கட்சியினரின் சங்கமும் அப்போது மலைநாட்டிற் பணியாற்றியது. சங்கத்திற் சேர்வது எத்தகைய ஆபத்தை உடையது என்பதற்கு முல்லோயாத் தோட்டம் சாட்சி பகர்ந்தது. 1940 சனவரி 10 ஆம் நாள், அங்கு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தான். முல்லோயாக் கோவிந்தன் என்ற பெயர் இன்றும் மலைநாட்டில் மறக்கப்படாத பெயர்.

உயிரிழப்பு அரிதாக நேர்ந்தது. அடிக்கடி நேர்ந்த தண்டனை வேறொன்று. நகரத்துத் தொழிலாளியை ஆலையிலிருந்து நீக்கினால் அவன் வேலையை மட்டும் இழப்பான். இரவு தன் வீட்டிற் படுத்துறங்குவான். தோட்டத்துத் தொழிலாளிக்கோ வேலையும் வீடும் ஒன்று. சங்கம் அமைத்தான் என்று துரை பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால், அன்றே அவன் காம்பராவும் போயிற்று. முற்றத்தில் நட்ட கறிவேப்பிலையும் போயிற்று. பெற்றோரைப் புதைத்த மண்ணும் போயிற்று. ஓய்வு நேரத் தொண்டு என்று எளிதாகச் சொல்லிவிடும் ஒரு செயலுக்கு, குடும்பத்தோடு தெருவில் நிற்பதை விலையாக வைத்த இடம் அது. அவ்வாறிருந்தும் தோட்டந்தோறும் தலைவர்களும் காரியதரிசிகளும் தனாதிகாரிகளும் முன்வந்தனர். அவர்கள் பெற்றது யாது?

முதலாவது பேறு எழுத்து. சங்கமென்று ஒன்று இருந்தால் அங்கத்தவர் பட்டியல் வேண்டும். சந்தாப் புத்தகம் வேண்டும். கூட்டத்தில் முடிவானதைக் குறிக்க வேண்டும். தோட்டத்துப் பள்ளியில் இரண்டு மூன்று வகுப்போடு படிப்பை விட்டவன், கமிட்டிக் காரியதரிசி ஆனதும் எழுதியே தீரவேண்டியவன் ஆனான். முதலில் பெயர்கள், பின்னர் வரவு செலவு, பின்னர் ஹட்டனிலுள்ள காரியாலயத்திற்கு ஒரு கடிதம். கடிதத்திற் தேதி வேண்டும், நடந்தது என்ன என்று வேண்டும், யார் சாட்சி என்று வேண்டும். ஆத்திரத்தை அடக்கி நிகழ்ந்ததை முறைப்பட எழுதக் கற்றவன் முறைப்பட நினைக்கவும் கற்றுவிடுகிறான். பள்ளிக்கூடம் கொடுக்கத் தவறிய கல்வியை இவ்வாறு சந்தாப் புத்தகம் கொடுத்தது.

இரண்டாவது பேறு தன் தொழிலைப் பற்றிய தெளிவு. பேர் எப்படிப் போடப்படுகிறது, ஒரு நாளைக்கு எத்தனை இறாத்தற் கொழுந்து வேண்டும், கூடைக்கும் ஈரத்திற்கும் என்று எவ்வளவு கழிக்கிறார்கள், சம்பளத்தில் அரிசிக்குப் பிடித்தது எவ்வளவு என்பன முன்னெல்லாம் செக்ரோல் எழுதுபவருக்கு மட்டும் தெரிந்த இரகசியங்கள். பிறர் வழக்கைப் பேசப் போகும் தலைவர் இவற்றை அறிந்தே ஆகவேண்டும். அறியாமற் பேசினால் ஆபீஸ் வாசலிலேயே நாணித் திரும்ப நேரும். மழைக்காலத்திற் கொழுந்து ஏன் பெருகுகிறது, வெயிற்காலத்தில் அதே இறாத்தலைக் கேட்பது ஏன் அநீதி என்பதை அவர் எடுத்துரைக்க வேண்டும். அப்போது, தினமும் தன் கைகள் செய்யும் வேலையை முதன்முறையாகத் தூரத்தில் நின்று பார்க்கிறார். தொழிலை இவ்வாறு அறிந்தவருக்கு அத்தொழிலில் ஒரு பெருமிதம் தோன்றுவது இயல்பு. இந்தப் பேறு கொழுந்தெடுப்போர்க்கு மட்டும் உரியதன்று. கண்டக்டர், டீமேக்கர், ஆபீஸ் எழுதுவினைஞர் ஆகிய உத்தியோகத்தரும் தமக்கெனத் தோட்ட சேவையாளர் சங்கம் கண்டு, தம் கடமையையும் உரிமையையும் அதன் வாயிலாகவே வரையறுத்துக் கொண்டனர்.

மூன்றாவது பேறு சட்டம். 1950 ஆம் ஆண்டிற் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் வந்தது. 1957 இல் அது திருத்தப்பட்டுத் தொழில் நியாய சபைகள் ஏற்பட்டன. வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி அங்கு முறையிடலாம். அவன் சார்பிற் தொழிற்சங்கமே முறையிடவும் வழக்குரைக்கவும் இடமுண்டு. இந்த ஏற்பாட்டின் விளைவு வியப்புக்குரியது. நியாயதுரந்தரர் பட்டம் பெறாத சங்கப் பிரதிநிதி, கம்பனியின் வழக்கறிஞருக்கு எதிரே எழுந்து நின்றார். அவருக்குத் துணை, தோட்டத்துத் தலைவர் நாள் தவறாமற் குறித்து வைத்த கொப்பி. எந்த நாளில் துரை என்ன சொன்னார், யார் அருகில் நின்றார் என்ற குறிப்பு ஒரு குடும்பத்தின் கூரையைக் காப்பாற்றியது. பற்றுச்சீட்டே முடிந்த முடிவு என்றிருந்த காலம் போய், பற்றுச்சீட்டுக்கு மேலும் ஒரு கேள்வி உண்டு என்னும் காலம் வந்தது.

நான்காவது பேறு, தோட்டத்து எல்லைக்கு அப்பாலுள்ள உலகு. லயத்திற் பிறந்தவன் மணவினைக்கும் திருவிழாவுக்குமன்றி அடுத்த தோட்டத்தை அறியாதிருந்தான். சங்கக் கூட்டத்திற்கு ஹட்டன் வந்தவன், மஸ்கெலியாக்காரனும் கொட்டகலைக்காரனும் தன் குறைகளையே பேசுவதைக் கேட்டான். தன் துன்பம் தன் தலைவிதி என்று நினைத்திருந்தவன், அது ஒரு தொழிலின் நிலை என்றும், மாற்றக்கூடியது என்றும் உணர்ந்தான். அரசியல் அறிவின் தொடக்கம் அதுவே. 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் எழுவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பியது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா ஆகியோர் அவர்களுட் சிலர். அவர்களுக்கு வாக்குத் திரட்டியது தோட்டக் கமிட்டிகளின் கால்நடைப் பயணமே.

மறு ஆண்டிற் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்த சட்டங்களால் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் வாக்குரிமை இழந்தனர். 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 இல் ஒப்பமான சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது; எஞ்சியோரின் கதியைப் பின்னர்த் தீர்மானிப்பதாக ஒத்திவைத்தது. இலங்கையிலிருந்த எஞ்சியோரின் குடியுரிமைக் குறை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தீர்ந்தது. இடைப்பட்ட அந்த நீண்ட காலத்தில் நாட்டின் வாக்குச் சாவடிக்குள் நுழைய முடியாதவனுக்குத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் வாக்கு இருந்தது. அங்கு அவன் கை உயர்த்தித் தலைவரைத் தெரிந்தான், பிடிக்காவிடில் மாற்றினான், கணக்குக் கேட்டான். குடிமகன் என்று எந்த அரசும் ஏற்காத நாளிலும் குடிமகனுக்குரிய பழக்கங்களை அவன் மறந்துவிடாதபடி காத்தது இச்சிறு கூட்டமே.

பெண்கள் பெற்ற பேறு தனியே சொல்லத் தக்கது. தேயிலைக் கொழுந்து பெண்களின் விரல்களாற் பறிக்கப்படுவது. ஆயினும் மலையில் அவர்களை மேய்ப்பவன் ஆண். கொழுந்து நிறுப்பவன் ஆண். சங்கக் கூட்டத்திலும் முன்வரிசை ஆண்களுக்கே. மாதர் சங்கம் தோன்றித் தோட்டந்தோறும் மாதர் தலைவி என்று ஒருத்தி தெரியப்பட்டபோது, வீட்டிலும் பேசாத ஒருத்தி ஆபீஸ் வாசலிற் பேச வேண்டியவள் ஆனாள். அவள் சுமை இரட்டிப்பு. மலைவேலை முடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைத் தூங்க வைத்த பின்னரே சங்க வேலை. எனினும் அவள் பேசத் தொடங்கியதன் பயன் வீண்போகவில்லை. ஒரே தொழிலுக்கு ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி என்று தோட்டங்களில் இருந்த வழக்கம் 1984 ஆம் ஆண்டின் போராட்டத்தை அடுத்து ஒழிந்தது.

சங்கப் பணி இலக்கியத்திற்கும் ஊதியம் கொடுத்துள்ளது. சி. வி. வேலுப்பிள்ளை 1914 இல் மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்தவர். ஆங்கிலத்திற் கவிதை எழுதியவர். பாராளுமன்றப் பதவி போன பின்னரும் அவர் தொழிற்சங்கத்தை விட்டு அகலவில்லை. குறை கேட்கத் தோட்டம் தோட்டமாகச் சென்ற அவர் செவியில், கொழுந்தெடுப்போரின் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் விழுந்தன. அவற்றைத் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலாக்கினார். சங்கம் அமைக்க முற்பட்டவன் வேலையும் வீடும் இழக்கும் கதையை 'வீடற்றவன்' என்ற நாவலாகத் தீட்டினார். அவ்வாறே, தொழிலாளர் காங்கிரஸின் மாதர் பணியில் ஈடுபட்ட கோகிலம் சுப்பையா, 1964 இல் 'தூரத்துப் பச்சை' என்னும் நாவலைத் தந்தார். சங்கத்திற்காகக் கால் நடந்திராவிடில் இந்நூல்கள் பிறந்திருக்கமாட்டா என்று துணிந்து கூறலாம். கடலுக்கு அப்பாலும் இதற்கு ஒப்புமை உண்டு. 1918 இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் உதவித் தலைவராக விளங்கிய திரு. வி. கலியாணசுந்தரனார், ஆலைத் தொழிலாளர் முன்னே பேசிப் பேசித் தம் தமிழ் நடைக்குப் புதியதோர் ஓட்டத்தைப் பெற்றார்.

தொண்டினால் வரும் பயனை இவ்வாறு எண்ணிக் காட்டுவது தகுமா என்று சிலர் ஐயுறக்கூடும். பயன் கருதாது செய்வதே தொண்டு என்பது மேலோர் நெறி. அந்நெறிக்கு இது முரணாகாது. மேலே கூறிய பேறுகளுள் எதுவும் குறிவைத்துத் தேடினாற் கிட்டுவதன்று. எழுதப் பழக வேண்டும் என்று எவனும் கமிட்டிக்கு வரவில்லை. அடுத்த காம்பராக்காரியின் அரைப் பேரைப் பெற்றுக் கொடுக்க வந்தவனுக்கு எழுத்து தானே வந்தது. பயனையே நாடி வந்தவனுக்கோ வேறொன்று கிட்டியது, அது பதவி.

இங்குதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 1956 இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸிலிருந்து அப்துல் அசீஸ் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸைக் கண்டார். 1965 இல் வி. கே. வெள்ளையன் தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தோற்றுவித்தார். கொள்கையாற் பிரிவது குற்றமன்று. ஆயினும் சங்கங்கள் பெருகப் பெருக, ஒரே லயத்தில் மூன்று தலைவர்கள் இருந்து, கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசுவதை விட்டு யார் பேசுவது என்று பேசிய தோட்டங்களும் உண்டு. சந்தாவின் கதையும் சிந்திக்கத் தக்கது. முன்னர்த் தனாதிகாரி மாதந்தோறும் காம்பராக் காம்பராவாக நடந்து சந்தாச் சேர்த்தார். சில்லறையோடு குறைகளும் அவர் கைக்கு வந்தன. பிற்காலத்தில் சந்தா சம்பளப் பட்டியலிலேயே கழிக்கப்பட்டுச் சங்கத்தின் கணக்குக்குச் செல்லும் முறை வந்தது. பணம் ஒழுங்காகச் சேர்ந்தது, நடை குறைந்தது. நடை குறைந்த இடத்தில், வாசலில் நின்று கேட்கும் செவியும் குறைந்தது.

துரையிடம் சலுகை பெற்று, தன் இனத்தாருக்கு இலேசான வேலை வாங்கிக் கொடுத்து, அங்கத்தவர் தொகையைத் தன் செல்வாக்காக எண்ணும் தலைவர் எவரேனும் இருப்பின், அவர் பழைய கங்காணியின் நாற்காலியில் வேறொரு சட்டை அணிந்து அமர்ந்தவரே. தலைக்குக் காசு பெறும் வழக்கம் சட்டத்தால் ஒழியலாம். தலைகளைக் காசாகக் காணும் கண் சட்டத்தால் மாறாது. அதை மாற்றக்கூடியது கணக்குக் கேட்கும் அங்கத்தவரின் வாய் ஒன்றே.

தோட்டங்கள் பல கைகள் மாறிவிட்டன. கம்பனிகளிடம் இருந்தவை 1975 ஆம் ஆண்டில் அரசுடைமையாயின. 1992 முதல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்திற்குச் சென்றன. துரைமார் மாறினர், இறாத்தல் கிலோவாயிற்று, கங்காணியின் வாரிசுகள் எங்கெங்கோ சென்றனர். மாலை நேரத்திற் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்னைக்கு நடந்தது, யாரு பக்கத்துல நின்னா, சொல்லு" என்று கேட்கும் தலைவருக்கான தேவை மட்டும் மாறவில்லை. அவர் தோட்டத்திற்குக் கொடுக்கும் நேரத்திற்குக் கூலி இல்லை. ஆனால் துரை கொடுக்காத, துரையாற் பறிக்கவும் முடியாத ஒரு பெயர் அவருக்கு உண்டு. மலைநாட்டில் ஒரு நாள் உழைப்பைப் பேர் என்று சொல்வது வழக்கம். செக்ரோலில் ஏறாத அந்தப் பேரே அவர் பெறும் ஊதியம்.